நைட்ரஜன் தலையில் இரண்டு புள்ளி

எங்கள் அடைப்பில் ஒரு வினாத்தாள் அச்சு எந்திரத்துக்குப் போக வேண்டுமென்றால், அதன் சரிபார்ப்புப் படியின் அடியில் நான்கு முத்திரை விழுந்திருக்க வேண்டும். கேள்வி எழுதியவருடையது ஒன்று, அதை மறுபடி படித்துப் பார்த்தவருடையது ஒன்று, மேற்பார்வையாளருடையது ஒன்று. மூவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். நான்காவது முத்திரை சியாவ் லுவானுடையது. அவள் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அறிவியல் தாளோ கணக்குத் தாளோ, அவள் முத்திரை விழாமல் எந்திரம் சுற்றாது. இந்த மரியாதை அவளுக்கு எப்படி வந்தது என்றால், ஒரு தப்பு செய்து வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். பார்த்ததோடு நிற்காமல் கெட்ட யோசனையும் சொன்னவள். அதையும் மறைக்கப்போவதில்லை.

அடைப்பு என்றால் இதுதான். நுழைவுத் தேர்வுக்கு முன்னால் கேள்வி எழுதுகிறவர்கள், அச்சடிக்கிறவர்கள், காவலர்கள், சமையல்காரி குவி என்கிற நான், எல்லோரையும் ஒரே கட்டடத்துக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பதினோரு நாள். கடைசித் தேர்வின் கடைசி மணி அடித்த பிறகுதான் கதவு திறக்கும். தொலைபேசி கிடையாது, கடிதம் கிடையாது. ஜன்னலையெல்லாம் பலகை வைத்து அடித்திருப்பார்கள். காய்கறி ஒரே ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே வரும். குப்பைகூட வெளியே போகக் கூடாது. ஜூலை மாதத்தில், தெற்குத் தைவானில் இருக்கிற எங்கள் தைனான் வெக்கையில் பதினோரு நாள் மீன் செதிலோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் என் கஷ்டம் புரியும். ஒவ்வொரு வருடமும் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடமும் அகப்பையோடு போய் நிற்பேன்.

லுவானும் நானும் ஒரே அறை. அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒல்லி உடம்பு, பேச்சு குறைவு, கண் மட்டும் பருந்துக் கண். என் குழம்பில் விழுந்த முடியை நான் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டாள்.

அவள் பெய்மென் பக்கத்து உப்பளக்காரி. பன்னிரண்டு வயதில் அவள் அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி உப்புப் பாத்தியில் இறக்கிவிட்டார். தம்பி ஆ-போக் மட்டும் படித்தான். நன்றாகவே படித்தான். ஆனால் மேல்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. இரண்டே இரண்டு. தன் தாளில் ஒரு கணக்கில் தசமப் புள்ளி சரியாக விழவில்லை, இருபத்தைந்தா இரண்டரையா என்றே தெரியவில்லை என்று அவன் இன்றுவரை சொல்கிறான். உண்மையோ சாக்கோ, அந்தத் தாளை யார் வைத்திருக்கிறார்கள்? அவன் இப்போது ஜல்லி லாரி ஓட்டுகிறான். நல்ல மனுஷன்தான். குடித்தால் மட்டும் அந்தத் தசமப் புள்ளியைப் பற்றிப் பேசுவான்.

லுவான் ஊரை விட்டுத் தைனானுக்கு வந்து முதலில் ஒரு போட்டோக் கடையில் வேலை செய்தாள். கல்யாணப் படங்களில் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பு, எல்லாவற்றையும் தூரிகையால் எடுக்கிற வேலை. ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் மோவாயிலிருந்த பெரிய மச்சத்தை அழகாக எடுத்துவிட்டாள். மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா கடை வாசலில் வந்து நின்றுகொண்டு, "எங்க வீட்டு அதிர்ஷ்டமே அந்த மச்சம்தான். அதைத் தொடச்சது எவ? வெளிய வரச் சொல்லு" என்று தெருவையே கூட்டிவிட்டாளாம். லுவான் உட்கார்ந்து அந்த மச்சத்தைத் திரும்ப வரைந்து கொடுத்தாள். அதிலிருந்த இரண்டு முடியையும் சேர்த்து. அன்றிலிருந்து எதைத் துடைப்பதற்கு முன்னாலும், இது மச்சமா அழுக்கா என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பாள்.

பிறகு அச்சகத்துக்கு வந்தாள். அங்கேயும் அழுக்கெடுப்புதான். வினாத்தாளைப் பெரிய கேமராவில் பிலிமாக எடுப்பார்கள். தாளில் வெள்ளையாக இருப்பதெல்லாம் பிலிமில் கன்னங்கரேலென்று இருக்கும், கறுப்பாக இருக்கும் எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். எங்கேயாவது ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் அந்தக் கறுப்பில் ஊசி முனை அளவு ஓட்டை விழும். அதை மூடாமல் விட்டால் தாளில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். லுவான் விளக்கு மேசைமேல் பிலிமை விரித்து, செங்காவி நிறச் சாயத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஓட்டைகளை மூடுவாள். ஒரு தாளுக்கு இருநூறு முந்நூறு புள்ளி மூட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு தூசியை விட்டால் எந்த ஊரில் எந்தப் பிள்ளை லாரி ஓட்டப் போவானோ என்று அவளுக்கு எப்போதும் ஒரு பதைப்பு. அச்சக முதலாளி அவளுக்காகத் தன் முத்திரையைப் போட்டு, இவள் நம்பிக்கையான ஆள், ஏதாவது ஆனால் நான் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்துத்தான் அடைப்புக்கு அனுப்பினார்.

அந்த வருடம், எண்பத்து நான்காம் வருடம், அறிவியல் தாளில் கடைசி நேரத்தில் ஒரு கேள்வியை மாற்றினார்கள். இருபத்தேழாவது கேள்வி. நான்கு படம் கொடுத்து, எந்தப் படத்தில் நடு அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான் இல்லை என்று கேட்டிருந்தார்கள். நடுவில் ஒரு எழுத்து, சுற்றிலும் கோடு, கோட்டின் நுனியில் வேறு எழுத்து. சிலந்தி மாதிரி இருக்கும். இரண்டாவது சிலந்திக்கும் மூன்றாவது சிலந்திக்கும் மூன்று மூன்று கால். இரண்டாவதன் தலைக்கு மேலே மட்டும் இரண்டு புள்ளி.

லுவான் அந்தப் பிலிமைப் பார்த்தபோது பக்கத்துப் படத்தின் தலை சுத்தமாக இருந்தது. இதன் தலையில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. தாள் முழுக்க வேறெங்கும் அப்படி இல்லை. மச்சமா அழுக்கா என்ற சந்தேகம் அவளுக்கு வரத்தான் செய்தது. ஆனால் எங்கள் அடைப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அச்சு முடிகிற வரை கீழ்த்தளத்து ஆட்கள் மேல்தளத்து வாத்தியார்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூலத்தாளும் படம் பிடித்தவுடன் மேற்பார்வையாளர் யென் ஐயாவின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். கேட்பதென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும். லுவான் பூதக்கண்ணாடியும் கையுமாகப் படியேறிப் போனாள். யென் ஐயா நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பினால் அன்றைக்கு முழுக்க யாருக்கும் நிம்மதி இருக்காது. இவள் வந்த வழியே இறங்கிவிட்டாள். தூசிதான் என்று முடிவு செய்து, தூரிகையைத் தொட்டு இரண்டையும் மூடிவிட்டாள்.

சரிபார்ப்புப் படி மேலே போனது. மூன்று பேர் பார்த்தார்கள், மூன்று முத்திரை விழுந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் முப்பத்தோராயிரம் தாளும் அச்சாகி முடிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அவை கட்டுக் கட்டாக வெளியே போக வேண்டும்.

ஏழாம் நாள்தான் எங்களுக்குத் திருவிழா. அச்சு முடிந்தால் மேல்தளம் கீழ்த்தளம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். நான் பால்மீன் வயிற்றுத் துண்டு போட்டு இஞ்சிக் கஞ்சி வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்து, எட்டுப் பேர் உட்காரும் சதுர மேசையில் தர்பூசணி விதையையும் வேர்க்கடலையையும் கொட்டிவிட்டு எல்லோரும் கொறித்துக்கொண்டிருந்தோம். எனக்கு எதிரில் ஒரு இளம் வாத்தியார், வெய் என்று பேர். முப்பது வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடி நிமிடத்துக்கு ஒருமுறை நழுவும்.

"சார், நீங்க என்ன பாடம்?" என்றேன்.

"வேதியியல், அக்கா."

"அதுல அப்படி என்னதான் இருக்கு? ஏழு நாளா என் சோத்தச் சாப்பிட்டீங்களே, அதுக்கு ஒரு பாடம் நடத்துங்க, பாப்போம்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. ஒரு வேர்க்கடலையை எடுத்து மேசை நடுவில் வைத்தார். கறுப்பு விதை ஐந்து எடுத்தார். இரண்டைச் சேர்த்துக் கடலையின் தலைமாட்டில் வைத்தார். மீதி மூன்றையும் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்.

"இந்தக் கடலைதான் நைட்ரஜன். வெளிச்சுத்துல இதுக்குச் சொந்தம் அஞ்சு எலக்ட்ரான். ஆனா எட்டு இருந்தாத்தான் இதுக்கு நிம்மதி."

"அது என்ன எட்டுக் கணக்கு?"

"இந்த மேசைக்கு நாலு பக்கம், பக்கத்துக்கு ரெண்டு பேர். எட்டுப் பேர் உக்காந்தாத்தான பந்தி நிறையுது? அப்படின்னு வச்சுக்கங்க. இப்ப ஹைட்ரஜன் வருது, மூணு பேர்." மூன்று பச்சைப் பட்டாணியை என் கூடையிலிருந்து எடுத்தார். "ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரே ஒரு விதை. இவன் ஒண்ணு போடறான், நைட்ரஜன் ஒண்ணு போடுது. அந்த ஜோடி ரெண்டு பேருக்கும் பொது. அதுதான் பிணைப்பு. படம் போடும்போது அந்த ஜோடிக்குப் பதிலா ஒரு கோடு இழுத்துடுவோம்."

"புருஷன் பொண்டாட்டி சம்பளம் மாதிரி. ஆனா எங்க வீட்டுல நான் மட்டும் போடறேன், அவரு மட்டும் எடுக்கறாரு."

"அப்படியும் ஒரு பிணைப்பு இருக்குக்கா. அது வேற பாடம்."

மேசையே சிரித்தது. லுவானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் கடலையைப் பார்த்தாள். மூன்று பக்கமும் பட்டாணி. தலைக்கு மேலே இரண்டு கறுப்பு விதை.

"சார், மேல இருக்கற அந்த ரெண்டு?"

"அது யாரோடயும் சேராத ஜோடி. சும்மா உக்காந்திருக்கும். ஆனா எண்ணிக்கையில உண்டு. ஆறும் ரெண்டும் எட்டு."

"படத்துல அதுக்கும் கோடுதான் போடுவீங்களா?"

"இல்ல இல்ல. அதுக்குப் பிணைப்பே கிடையாதே. ரெண்டு புள்ளிதான் வைப்போம், தலைக்கு மேல."

லுவானின் கையிலிருந்த விதை உடைபடாமல் அப்படியே நின்றது. "அந்தப் புள்ளிய வைக்கலன்னா?"

"வைக்கலன்னா ஆறுதான் இருக்கும். அப்புறம் அது நைட்ரஜனே இல்ல, போரான் மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, வெய் சார் தலைமாட்டிலிருந்த இரண்டு விதையையும் எடுத்துப் பல்லில் வைத்து உடைத்துத் தின்றார்.

லுவான் எழுந்து போனாள். வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். என் சமையலைச் சாப்பிட்டு யாருக்கும் வயிறு கெட்டதில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. பின்னாலேயே போனேன். சமையலறைத் தொட்டியடியில் நான் ஊறப்போட்டிருந்த வள்ளிக்கிழங்குக் கீரையை அலசிக்கொண்டிருந்தாள். அலசின கீரையையே திரும்பத் திரும்ப அலசினாள்.

"என்னடி ஆச்சு?"

"குவி, நான் தொடச்சிட்டேன்டி. அந்த ரெண்டு புள்ளியையும் நான்தான் தொடச்சேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் ஈரக் கையால் தொட்டி விளிம்பில் வரைந்து காட்டினாள். மூன்று கால் சிலந்தி இரண்டு. ஒன்றில் புள்ளி இருக்க வேண்டும், ஒன்றில் இருக்கக் கூடாது. இப்போது இரண்டிலும் இல்லை. எட்டு இல்லாதது எது என்று கேட்டால் இரண்டு விடையும் சரி. நன்றாகப் படித்த பிள்ளைதான் திகைத்துப்போய் உட்காருவான். படிக்காதவன் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

"எத்தனை மார்க்கு?" என்றேன்.

"ரெண்டு."

என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? அதை அப்படியே சொல்லிவிட்டேன். "வாய மூடிட்டு இரு. மூணு பேர் முத்திரை போட்டிருக்காங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க. கேள்வி வந்தா அவங்களத்தான் கேக்கும். அழுக்கெடுக்கறவள எவன் கேக்கப்போறான்? நீ போய்ச் சொன்னா நீயும் போவ, உன் முதலாளியும் போவாரு. அடுத்த வருஷம் இந்த வாசப்படிய மிதிக்க முடியாது."

அவள் கீரையைப் பிழிந்து கூடையில் வைத்தாள். "ரெண்டு மார்க்குடி" என்றாள். கையை என் மேலங்கியிலேயே துடைத்துவிட்டு மாடிக்குப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் பின்னாடியே ஓடினேன்.

யென் ஐயா விழித்துத்தான் இருந்தார். லுவான் நின்றபடியே சொன்னாள். அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. நான் மூடிவிட்டேன், தப்பு என்னுடையது, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். யென் ஐயாவின் முகம் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்தது. அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து மூலத்தாளை எடுத்தார். அச்சான தாளையும் எடுத்தார். வெய் சாரைக் கூப்பிட்டு இரண்டையும் அவர் கையில் கொடுத்தார்.

வெய் சார் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இருக்கே" என்றார். பிறகு விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சரிபார்ப்புப் படிய நாலு தரம் பாத்தேன் ஐயா. நாலு தரமும் புள்ளி இருந்துச்சு. இப்பகூட முதல்ல பாத்தப்ப இருந்துச்சு. பத்து வருஷமா இதே படத்தப் போட்டுப் போட்டு, இல்லாட்டியும் என் கண்ணுக்குத் தெரியுது."

யென் ஐயா குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "பேர் எழுதணும். சியாவ் லுவான், உன் பேரத்தான். கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருந்தா என்னை வந்து கேட்டிருக்கணுமா இல்லையா?"

லுவான் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்கு வாய்தான் எதிரி, என்ன செய்வது? "வந்தாளே ஐயா. பூதக்கண்ணாடியோட மேல வந்தா. நீங்கதான் வாயத் திறந்துட்டுத் தூங்கிட்டிருந்தீங்க" என்று சொல்லிவிட்டேன்.

லுவான் என் முதுகில் கிள்ளினாள். வெய் சார் ஜன்னலைப் பார்த்தார், அங்கே பலகைதான் இருந்தது. யென் ஐயா பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "எழுதறது இருக்கட்டும். முதல்ல தாளச் சரி பண்ண முடியுமா, அதச் சொல்லுங்க" என்றார்.

திரும்ப அடிக்கத் தாள் இல்லை. வெற்றுத்தாளையும் எண்ணித்தான் உள்ளே விட்டிருந்தார்கள், மிச்சம் ஐந்நூறு இருந்தால் அதிகம். வெளியிலிருந்து ஒரு துண்டுகூட வரக் கூடாது. அச்சு எந்திரக்காரன் ஆ-டியாவைக் கூப்பிட்டார்கள். அவன் வெற்றிலைப்பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசா எதுக்கு அடிக்கணும்? ரெண்டு புள்ளி மட்டும் இருக்கற மாதிரி ஒரு அச்சுத் தகடு போட்டுக் குடுங்க. அடிச்ச தாளையே திரும்ப உள்ள விட்டு, மேல அந்த ரெண்டு புள்ளிய மட்டும் அடிச்சிடறேன்."

"சரியா அந்த இடத்துல விழுமா?"

"லுவான் அக்கா பிலிமச் சரியா வச்சா விழும். இல்லன்னா யாரு மண்டையிலயாவது விழும்."

எல்லோரும் கீழே இறங்கினோம். லுவான் விளக்கு மேசையைப் போட்டுப் பழைய பிலிமை விரித்தாள். அந்தச் சாயம் தண்ணீரில் கரைகிற சாயம். பஞ்சை நனைத்து, பிழிந்து, நைட்ரஜன் தலையில் மெதுவாக ஒற்றினாள். ஒருமுறை, இருமுறை. மூன்றாவது ஒற்றலில் செங்காவி கரைந்து பஞ்சில் வந்தது. கீழேயிருந்து வெளிச்சம் இரண்டு ஊசிமுனையாகக் கிளம்பியது. புள்ளி எங்கேயும் போகவில்லை, அடியில் அப்படியே இருந்திருக்கிறது. லுவான் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. என் மூச்சும் அப்போதுதான் வந்தது. வெய் சார், "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அவள் தோள் பக்கம் நின்று ரகசியம் மாதிரிச் சொன்னார்.

அந்த இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கறுப்புத்தாள் ஒட்டி மறைத்தாள். தகடு வந்தது. கதவு அகலத் தகடு, அதில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற இரண்டு புள்ளி. ஆ-டியாவ் முதல் தாளை விட்டான். புள்ளி பக்கத்திலிருந்த H மேல் போய் உட்கார்ந்தது. இரண்டாவது தாளில் இன்னும் கீழே இறங்கி N எழுத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஜூலை ஈரத்தில் தாள் உப்பிப்போயிருக்கிறது என்று அவன் திட்டினான். தாளை, மழையை, தேர்வை, தேர்வு கண்டுபிடித்தவனை, எல்லோரையும் திட்டினான். லுவான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "மயிரிழை மேல. இன்னும் அரை இழை இடது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினாலாவது தாளில் புள்ளி இரண்டும் N தலைக்கு மேல் குல்லாய் மாதிரி ஏறி நின்றன. வெய் சார் அந்தத் தாளை வாங்கி விரலால் எண்ணினார். கோட்டுக்கு இரண்டாக ஆறு, மேலே இரண்டு, எட்டு. இந்தத் தடவை தன் கண்ணை அவர் நம்பவில்லை. என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். நானும் எட்டுதான் எண்ணினேன்.

எந்திரம் ஓடத் தொடங்கியது. ஆனால் ஏற்கெனவே மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்த தாள் இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. மடித்ததை எந்திரம் வாங்காது. அதற்கும் லுவான்தான் வழி சொன்னாள். பிலிம் துண்டுகளை மூலை மட்டம் மாதிரி வெட்டி, ஊசியால் இரண்டு துளை போட்டாள். தாளின் மூலையோடு சேர்த்து வைத்தால் துளை சரியாக நைட்ரஜன் தலைமேல் வரும். துளைக்குள் மெல்லிய மைப்பேனாவை நிறுத்தி எடுத்தால் போதும். எட்டு மூலை மட்டம் செய்தாள். சதுர மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தோம். நான், யென் ஐயா, வெய் சார், கறாரான மொழி வாத்தியார்கள் இரண்டு பேர், வாசல் காவலர்கள் இரண்டு பேர், லுவான். காவலரில் ஒருவர் திருடனுக்கு விலங்கு மாட்டுகிற அழுத்தத்தில் புள்ளி வைத்தார். லுவான் அவர் பேனாவை வாங்கி, "ஐயா, இது எலக்ட்ரான். குண்டு இல்ல" என்றாள். அவ்வளவு நேரத்தில் அவள் பேசின முதல் கேலி அதுதான். அப்போதுதான் எனக்கும் பசித்தது.

நான் மட்டும் இருநூற்றுப் பதினாறு நைட்ரஜனுக்கு எட்டு நிறைத்தேன். இன்றைக்கும் என் பேத்திகளிடம் அதைச் சொல்லிப் பெருமை அடிப்பேன். ஒன்பதாம் நாள் காலையில் கட்டுகள் வெளியே போயின. ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து ஒரு தாளை உருவி லுவான் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

யென் ஐயா குறிப்பேட்டில் என்ன எழுதினார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அடைப்புக்கான கடிதம் லுவானுக்கு வருமா வராதா என்று இரண்டு பேரும் பயந்துகொண்டுதான் இருந்தோம். வந்தது. அதோடு புதிய விதி ஒன்றும் வந்தது. அந்தப் பாடம் தெரியாத ஒருவர் மூலத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சரிபார்ப்புப் படியைப் புள்ளிக்குப் புள்ளி ஒத்துப் பார்த்து முத்திரையிட வேண்டும். சந்தேகம் வந்தால் எந்த நேரத்திலும் மேற்பார்வையாளரை எழுப்பிக் கேட்கலாம். எழுப்பி என்ற வார்த்தையை அவரே தன் கையால் சேர்த்திருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. பதினோராம் நாள், கடைசி மணி அடித்துக் கதவு திறந்த அந்த நேரத்தைச் சொல்ல வந்தேன்.

வெளி வெளிச்சத்தில் கண் கூசியது. மாமரத்தடியில் ஆ-போக்கின் ஜல்லி லாரி நின்றது. ஒவ்வொரு வருடமும் அவன்தான் வந்து அழைத்துப்போவான். வரும்போது தூக்குச் சட்டியில் பன்றிக்கால் போட்ட மெல்லிய சேமியா கொண்டுவருவான். சிறையிலிருந்து வருகிறவர்களுக்குக் கெட்ட காலம் கழியட்டும் என்று கொடுக்கிற சாப்பாடு. அக்காவைக் கேலி செய்யத்தான் கொண்டுவருவான். எனக்கும் ஒரு கிண்ணம் எப்போதும் உண்டு.

லாரி நிழலில் மூன்று பேரும் குந்தினோம். ஆ-போக் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். "என்னக்கா, இந்த வருஷம் எவன் பொழப்புல மண்ணப் போட்டுட்டு வந்தீங்க? எத்தனை பேருக்குப் புள்ளி விழல?"

மற்ற வருடங்களில் அவள், போடா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவாள். இந்தத் தடவை கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பதினோரு நாளாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கவும் செய்தாள்.

"எல்லாருக்கும் விழுந்துடுச்சுடா" என்றாள். "முப்பத்தோராயிரம் பேருக்கும். நானே ஒத்தி ஒத்திப் பாத்தேன். யாருக்கும் அந்த ரெண்டு மார்க்குப் போகாது."

ஆ-போக்கின் சாப்பாட்டுக் குச்சி பாதி வழியில் நின்றது. அவன் ஏதாவது கேலி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் கிண்ணத்திலிருந்த பெரிய கால் துண்டை எடுத்து அக்கா கிண்ணத்தில் வைத்தான்.

"சாப்பிடுக்கா, ஆறிடப் போகுது" என்றான்.